அந்த எட்டு மாதத்துக்கு என் கையெழுத்து

மகனே,

சுகமா என்று கேட்டுத் தொடங்கும் பழக்கத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ சுகமாக இருப்பதை உன் மாமா கிழமைக்கு மூன்று படமாக அம்மாவின் போனுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மா அவற்றை விரலால் பெரிதாக்கி, உன் கன்னம் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை. எனக்கு நீ அனுப்பியது படம் அல்ல, ஒரு படிவம். அது செவ்வாய்க்கிழமை வந்தது. காலி வீதிக்குப் போய், போட்டோக்கொப்பிக் கடையில் வரிசையில் நின்று, அச்செடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இரண்டு நாளாக அதைச் சுற்றித்தான் சாப்பிடுகிறோம்.

நீ கேட்பதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். லண்டனில் ஒரு வாசலில் காவலாளியாக நிற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமாம். அதற்காக வகுப்புக்குப் போனாய், சோதனை எழுதினாய், பாஸ் பண்ணினாய். வாழ்க்கையில் நீ தொடங்கி முடித்த முதல் சோதனை இது என்றபடியால் வாழ்த்துகிறேன். இங்கேயிருந்து பொலிஸ் அறிக்கையும் போய்ச் சேர்ந்துவிட்டது; உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இனி உன்னை வேலைக்கு எடுக்கப்போகும் கொம்பனிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: கடந்த ஐந்து வருடமும் நீ எங்கே இருந்தாய், என்ன செய்தாய். மாதம் மாதமாகக் கணக்குக் கேட்கிறார்கள். அங்கே போய் நீ படித்த கல்லூரிக்குக் கடிதம் இருக்கிறது. பெட்டி தூக்கிய களஞ்சியத்துக்குக் கடிதம் இருக்கிறது. கொழும்பில் நீ இருந்த கடைசி எட்டு மாதத்துக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. அந்த எட்டு மாதத்தில் உன்னை நேரில் அறிந்த ஒருவர், நீ எங்கே இருந்தாய், அது தனக்கு எப்படித் தெரியும் என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் இந்த வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அங்கே நிற்பதற்கு உனக்கு மிஞ்சியிருக்கும் விசாக் காலமும் வீணாகிவிடும், கார்த்திகைக்குள் திரும்பி வரவேண்டியதுதான் என்று மாமா சொல்கிறார்.

நீ படிவத்தோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தாய். "அப்பா, அந்த எட்டு மாதமும் வீட்டில இருந்தவன், அம்மாவுக்கு உதவியா இருந்தவன் எண்டு மட்டும் எழுதுங்கோ. மிச்சம் ஒண்டும் வேண்டாம்." அந்தக் கடைசி வசனத்தை நான் பல தடவை வாசித்தேன். மிச்சம் ஒன்றும் வேண்டாம். உனக்கு எவ்வளவு பெருந்தன்மை!

நேற்று உன் மாமா போன் எடுத்தார். கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை தவறி, ஆள் பிடித்து, அகதி என்று சொல்லி லண்டன் போன மனிதர். இன்றைக்கு இரண்டு பெற்றோல் ஷெட்டுக்குச் சொந்தக்காரர். பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் எடுத்த நான், கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் இருபத்தாறு வருடம் இருந்து, நானே வேலை பழக்கிய ஒருவன் எனக்கு மேல் மனேஜராக வந்து உட்கார்ந்த பிறகு விலகி வந்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இந்தக் கணக்கு எப்போதும் கிடக்கும். அவர் அதை மறப்பதில்லை. நானும் மறப்பதில்லை.

"அத்தான், பெடியன் நல்லா நிமிர்ந்திட்டான். அந்த ஒரு தாளில கையெழுத்தை வைச்சு விடுங்கோ. உண்மை பொய்யெண்டு ஆராய்ச்சி பண்ணாதேங்கோ. அவங்கள் ஒருத்தரும் வெள்ளவத்தைக்கு வந்து பாக்கப்போறேல்ல."

"நீ எந்தப் போர்மிலயடாப்பா உண்மை எழுதினனி?"

"அத்தான், நான் எழுதின பொய்யில இண்டைக்கு நாலு குடும்பம் சாப்பிடுது. நீங்கள் எழுதின உண்மையில ஆர் சாப்பிட்டது, சொல்லுங்கோ பாப்பம்?"

நான் போனை வைத்துவிட்டேன். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. அவளுடைய தம்பி சொன்னால் அவளுக்கு எல்லாம் பகிடிதான்.

இனி நான் சொல்வதைக் கேள். நீ என்ன வேலைக்குப் போகிறாய் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை என்று எழுதினால் அது பொய். எனக்கு வெட்கம்தான். கீழ்வீட்டுக்காரர் கேட்டால் "மகன் அங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கிறான்" என்று நாலு வருடமாகச் சொல்லி வருகிறேன். கோயிலில் சொல்லியிருக்கிறேன். இராமகிருஷ்ண வீதிப் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டில் ஒரு டொக்டரிடம் சொல்லி, அவர் தன் தங்கையின் மகளுக்கு உன் சாதகத்தைக்கூடக் கேட்டார். நான் தருகிறேன் என்று சொல்லி, பிறகு அவரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடக்கிறேன். எங்கள் சனத்தில் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்று மூன்று வாசல்தான் உண்டு. அந்த மூன்றையும் பூட்டிக்கொண்டவன் யாருடையதோ வாசலைக் காக்கத்தான் போகவேண்டும். இதை நான் உனக்குப் பதினைந்து வயதிலேயே சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். நீ எதற்கும் தலையை ஆட்டுகிறவன். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான், உன் பொய்கூட அதற்குப் பிறகுதான்.

பொய்யைப் பற்றி எழுதுகிறேன். நீ கணக்கியல் சோதனையில் மூன்று பாடம் மிச்சமிருக்க விட்டுவிட்டாய். விட்டதை எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்கக் காலையில் குளித்து, நான் வாங்கித்தந்த ரையைக் கழுத்தில் கட்டி, பைலை எடுத்துக்கொண்டு போனாய். "என்ன, பாடம் எப்படி?" என்று கேட்டால், "போகுது அப்பா" என்பாய். நீ போனது பம்பலப்பிட்டியில் ஒரு போன் திருத்தும் கடைக்கு என்று எனக்குத் தெரியாது. ரையைக் கழற்றிப் பைலுக்குள் வைத்துவிட்டு வேலை செய்வாயாம். எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று நீ ஒருபோதும் கேட்கவில்லை. சொல்லுகிறேன். ஒரு கலியாண மண்டபத்தில், பந்தியில், உன் வகுப்பில் படிப்பித்த ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வலியப்போய், "என்ர மகன் உங்களிட்டத்தான் படிக்கிறான், இந்த வருசம் முடிச்சிடுவான்" என்றேன். அவர் உன் பெயரைக் கேட்டார். வடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அவர் வகுப்பை விட்டு நிண்டு ஒரு வருசமாச்சே அண்ணை" என்றார். எதிர் வரிசையில் நாலு பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் என்னால் பெயர் சொல்ல முடியும். அதில் ஒருவர் செத்துப்போனார். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நீ பல் துலக்கிக்கொண்டு நின்றாய். உன் உடுப்பை ஒரு பையில் அடைத்து வெளியே படிக்கட்டில் வைத்தேன். நீ வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "அப்பா, நான் சொல்லவெண்டுதான் இருந்தனான்" என்றாய். நான் உன்னை ஏசக்கூட இல்லை. கிறில் கேற்றை உனக்கு முன்னாலேயே இழுத்துப் பூட்டினேன். நீ தலையை ஆட்டினாய். பூட்டின கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சரி என்று தலையை ஆட்டினாய்! அழுதிருந்தால், கத்தியிருந்தால், கேற்றை உதைத்திருந்தால் திறந்திருப்பேனோ என்னவோ. தெரியாது. நீ உதைக்கவில்லை.

உன் வகுப்பில் என்ன படிப்பித்தார்கள் என்று அம்மா எனக்குச் சொன்னாள். நீ அவளுக்குப் போனில் சொல்லியிருக்கிறாய். ஒருவரை உள்ளே விடாமல் மறுப்பது எப்படி என்று ஒரு முழுப்பாடமாம். குரலை உயர்த்தக்கூடாது. காரணத்தைச் சொல்லவேண்டும். கையை அவர் காணும்படி திறந்து வைத்திருக்கவேண்டும். கடைசியாக, அவர் அங்கேயிருந்து எப்படி வீடு போய்ச் சேருவார் என்று யோசிக்கவேண்டும்; தனியாகவா, பஸ் இருக்கிறதா, வெறியில் இருக்கிறாரா, குளிரில் நிற்கிறாரா என்று. அதற்கும் புள்ளி உண்டாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குரலை உயர்த்தவில்லை. மிச்சம் ஒன்றிலும் எனக்குப் புள்ளி இல்லை.

அதன் பிறகு நடந்ததில் உனக்குப் பாதி தெரியும். மற்றப் பாதியை இன்றைக்குத் தெரிந்துகொள். கொரோனாக் காலம், கடைகள் பூட்டிக் கிடந்தன. போன் திருத்தும் கடையும் பூட்டுப்பட, உனக்குக் கிடைத்த ஒரே வேலை செக்கியூரிட்டி. அதற்குக் கிராம சேவகரின் நற்சான்றுப் பத்திரம் வேண்டும். நீ அவரிடம் போய் எங்கள் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாய். அவர் நல்ல மனிதர், முறைப்படி எனக்குப் போன் எடுத்தார். "புதா கெதர இன்னவாத, மஹத்தயா?" என்று கேட்டார். மகன் வீட்டில்தானே இருக்கிறார் என்று. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "நெஹே" என்றேன். எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். தகப்பனே வீட்டில் இல்லை என்று சொன்ன பிள்ளைக்கு அவர் எப்படிப் பத்திரம் கொடுப்பார்? அவர் சட்டத்தின்படி நடந்தார். நானும் உண்மையைத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லி ஒருவனை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன், அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. இதை நான் இதுவரைக்கும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவள் வாசித்துத்தான் அனுப்புவாள், ஆகவே இப்போது அவளுக்கும் தெரியும்.

பத்திரம் இல்லாதவனை ஒருவரும் முறைப்படி எடுக்கமாட்டார்கள். நீ முறையில்லாமல் போனாய். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மெடிக்கல் சென்டர். அங்கே நின்ற சமன் என்ற காவலாளி ஊரடங்குக்கு முதல் ஊருக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவனுடைய சட்டையைப் போட்டு, அவனுடைய பெயர் அட்டையைக் குத்தி, அவனுடைய வரவு இடாப்பில் கையெழுத்து வைத்து, எட்டு மாதம் நின்றாய். அதனால்தான் உன்னிடம் ஒரு கடிதமும் இல்லை. அங்கே வேலை செய்தவன் சமன். நீ எங்கேயும் இருக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது யோசிப்பாய். மாமாவோ அம்மாவோ சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பாய். சமனின் கதையைப் பிறகு அம்மா சொன்னாள், அது உண்மை. ஆனால் நீ அங்கே நின்றதை எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா, சீனி வருத்தத்துக்கு இரத்தம் குடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும் என்றாள். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு லாப் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன். "அங்க நோகாமல் எடுப்பினமாம்" என்றாள். ஓட்டோவில் போகும்போது அவளுடைய மடியில் ஒரு பை சூடாக இருந்தது. புட்டு மணத்தது.

"சாப்பிடாமல் போகவேண்டிய இடத்துக்குச் சாப்பாடு எதுக்கு?"

"எடுத்த பிறகு பசிக்குமப்பா."

"ஒரு ஆளுக்கு இவ்வளவோ?"

"உங்களுக்கும் பசிக்கும்தானே. பேசாமல் வாங்கோ."

வாசலில் ஒரு மேசை, ஒரு கொப்பி, கை கழுவும் மருந்துப் போத்தல் ஒன்று. மேசைக்குப் பின்னால் நீ. தொப்பி, மாஸ்க், இரண்டு பேர் புகுந்துகொள்ளக்கூடிய ஒரு சட்டை. கழுத்துப் பட்டி பூட்டியும் உன் கழுத்தைத் தொடாமல் வட்டமாக நின்றது. நீ என்னைக் கண்டு அசையவில்லை. மாஸ்க்குக்குள் யாரென்று தெரியாது என்று நினைத்தாய். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவிடம் நீ சொன்னாயாம்: "நல்லகாலம், அப்பா என்னை மட்டுக்கட்டேல்ல."

மகனே, நீ ஒரு காலின்மேல் மறு காலை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றாய். அதற்காகப் பள்ளிக்கூட அசெம்பிளியில் அடி வாங்கியவன் நீ. வீட்டில் நானும் அடித்திருக்கிறேன். ஓட்டோவால் இறங்கும்போதே, பத்து யார் தூரத்திலேயே, அது நீ என்று எனக்குத் தெரியும்.

நீ அந்தச் சூடு பார்க்கும் கருவியை என் நெற்றிக்கு நேரே பிடித்தாய். கொப்பியை விரித்து, பேனையை எடுத்து, "நம கியன்ன, சேர்" என்றாய். பெயரைச் சொல்லுங்கள் என்று. உன் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த எழுத்தின் முழுப்பெயரை, நான் உனக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வாத்தியார் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். நீ எழுதினாய். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டாய். சொன்னேன். என் பெயரையும் சூட்டையும் ஒரு கடதாசித் துண்டில் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாய். உன் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். சமன் என்று இருந்தது. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. "லிப்ட் எக கோ, மல்லி?" என்று கேட்டேன். லிப்ட் எங்கே, தம்பி என்று.

இதைக் கொழும்பில் பிறக்காத ஒருவனுக்கு நான் விளங்கப்படுத்தவேண்டியிருக்கும். உனக்குத் தேவையில்லை. நாங்கள் காவலாளியைக் கண்டால், பஸ் கண்டக்டரைக் கண்டால், தமிழனா என்று கேட்காமலே சிங்களத்துக்கு மாறிவிடுவோம். மல்லி என்போம். எங்கள் தொடர்மாடியின் வாட்சருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. அவரையும் மல்லி என்றுதான் கூப்பிடுகிறேன். தம்பி என்ற அந்தச் சொல்லில் அன்பு ஒன்றும் இல்லை. உன் முகத்தை நான் பார்க்கத் தேவையில்லை என்பதற்கு அது ஒரு மரியாதையான வழி. அன்றைக்கு அதை நான் என் பிள்ளைக்குப் பாவித்தேன்.

"தகுணு பெத்தே, சேர்" என்றாய். வலப்பக்கம். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன், அதையும் சேர்த்துச் சுமந்துகொள். எனக்கு நிறைவாக இருந்தது. ஒபிசை விட்டு விலகிய பிறகு என்னை ஒருவரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. நீ கூப்பிட்டாய், அதுவும் நிமிர்ந்து நின்று கூப்பிட்டாய். சரியாய்த்தானே இருக்கிறது, பொய்யனுக்கு இதுதான் இடம் என்று நினைத்துக்கொண்டு வலப்பக்கம் போனேன். அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உனக்கு முன்னால் நின்றாள். நீ அந்த மருந்தை ஊற்றினாய். அவள் கையைத் தேய்க்கவில்லை, அப்படியே ஏந்திக்கொண்டு நின்றாள். அது வழிந்து நிலத்தில் விழுந்தது. நான், "இஞ்ச வாரும், ஆக்கள் நிக்கினம்" என்றேன். சத்தமாக, தமிழில். உனக்கும் கேட்கட்டும் என்றுதான். திரும்பி வரும்போது அவளிடம் பை இருக்கவில்லை. நான் கேட்கவில்லை. ஓட்டோவில் எனக்குப் பசித்தது, அதையும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து உன் மாமா பணம் கட்டி, நீ படிக்கவென்று லண்டன் போனாய். கட்டுநாயக்காவுக்கு நான் வரவில்லை. அன்றைக்கு வீட்டில் இருந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினேன்.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். நீ கேட்டபடி எழுதினால் எல்லாருக்கும் நன்மை. வீட்டில் இருந்தான், தாய்க்கு உதவியாக இருந்தான். உனக்கு வேலை. மாமாவுக்கு வெற்றி. எனக்கும் லாபம்: நான் கேற்றைப் பூட்டவில்லை, கிராம சேவகருக்கு இல்லை என்று சொல்லவில்லை, உன்னை மல்லி என்று கூப்பிடவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியின் பைலில் நான் நல்ல தகப்பன். நீ என்னை அந்த ஒரு வசனத்தில் மன்னித்து, மூடி, அலுமாரியில் வைத்துவிடலாம் என்று பார்த்தாய். அதற்குத்தான் மிச்சம் ஒன்றும் வேண்டாம் என்றாய். உனக்கு அந்த உரிமை இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காததை நீ தரவேண்டாம். ஒரு வருடம் ரை கட்டிக்கொண்டு என்னை ஏமாற்றினாய். இப்போது என் கையாலேயே என்னை ஏமாற்றச் சொல்கிறாய்.

நேற்றுப் பின்னேரம் பேனையை எடுத்தேன். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"அண்டைக்கு அவனை உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

இவ்வளவு வருடமும் கேட்காத கேள்வி. மாஸ்க், தொப்பி, கண்ணாடி கொண்டுபோகவில்லை என்று சொல்ல எனக்கு நாலு பதில் தயாராக இருந்தது. இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்றுதான் அவள் நின்றாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"ஓம்" என்றேன்.

அவள் அழவில்லை. "இறங்கேக்கையேவோ?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். தன்னுடைய சீனி ரிப்போட் எல்லாம் வைத்திருக்கும் பைலைக் கொண்டுவந்து, ஒரு கடதாசித் துண்டை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தாள். அன்றைக்கு உள்ளே போகிறவர்களுக்கு நீ எழுதிக் கொடுத்த துண்டு. என் பெயர், நேரம், உடம்புச் சூடு, மெடிக்கல் சென்டரின் முத்திரை, திகதி. நான் அதை அன்றைக்கே குப்பையில் போட்டேன் என்று நினைத்திருந்தேன். என் பெயரின் நடுவில் வரும் k-யின் கால் தடியைத் தொடாமல் விலகி நிற்கிறது. ஆறு வயதில் அந்த k-க்காக அடிமட்டத்தால் உன் விரலில் அடித்தேன். திருந்தவில்லை. நல்லதாகப் போயிற்று. உலகத்தில் அந்த எட்டு மாதம் நீ இருந்தாய் என்பதற்கு உன்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த k-தான்.

ஆகவே நான் எழுதியது இது. உனக்குத் தமிழில் சொல்லுகிறேன், படிவத்தில் ஒழுங்கான ஆங்கிலத்தில் இருக்கிறது. "இந்த எட்டு மாதமும் இவர் என் வீட்டில் இருக்கவில்லை. நான் இவரை வெளியே விட்டுக் கேற்றைப் பூட்டினேன். இவர் கொழும்பில் ஒரு மருத்துவ நிலையத்தின் வாசலில் காவலாளியாக வேலை செய்தார். நோய்க்காலத்தில் உள்ளே போன ஒவ்வொருவரையும் சோதித்துப் பதிந்தார். வேலையை ஒழுங்காகச் செய்தார். நெருங்கிய உறவினர் ஒருவர் வந்தபோதும் விதியை மீறாமல் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதினார்." இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கட்டத்தில், "நான்தான் அந்த உறவினர்" என்று எழுதினேன். துண்டின் கொப்பியை இணைத்திருக்கிறேன். உண்மைத் துண்டை அம்மா தரமாட்டாளாம்.

சமனின் பெயர் அட்டையைப் பற்றி எழுதவில்லை. மறைக்கவென்று அல்ல. படிவம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவேன், அதை உன் சட்டையில் குத்தவைத்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். இதனால் வேலை கிடைக்காமல் போகலாம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவனை வாசலில் நிறுத்த அவர்கள் யோசிக்கலாம். போனால் என்னைத் திட்டு. கார்த்திகையில் நீ திரும்பி வந்தால், கேற் திறந்திருக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். பூட்டின் திறப்பு இப்போது அம்மாவின் கையில் இருக்கிறது. நேற்றிலிருந்து.

வேலை கிடைத்தால், ஒன்று சொல்லுகிறேன். வாசலில் நிற்கிறவன் ஒருவனை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நீ நினைத்துக்கொண்டு நிற்பாய். பார்ப்பார்கள். காலின்மேல் காலை வைப்பதைப் பார்ப்பார்கள், கழுத்துப் பட்டி பெரிதென்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத்தான் பாராதது போலப் போவார்கள். அவர்களுக்கு இரங்காதே. சேர் என்று சொல்லு, பெயரைக் கேள், கொப்பியில் எழுது.

அந்தக் கொம்பனியிலிருந்து எனக்குப் போன் வருமாம், கையெழுத்து வைத்தவன் உண்மையான ஆள்தானா என்று பார்க்க. வரட்டும். முதலில் என் பெயரைக் கேட்பார்கள். எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பழக்கம் உண்டு. அடுத்ததாக உன்னை எனக்குத் தெரியுமா என்று கேட்பார்கள்.

ஓம் என்று சொல்லுவேன். பத்து யார் தூரத்திலிருந்தே தெரியும் என்று சொல்லுவேன்.

படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் எழுதியதையே இங்கேயும் எழுதி முடிக்கிறேன்.

அப்பா